மேட்டுத் தெருவுக்குச் சொன்ன 'ஆகட்டும்'

மக்காச்சோளம் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க என் மாமனாருக்கு எந்தக் கருவியும் தேவைப்பட்டதில்லை. மூட்டையின் அடிப்பக்கத்தில் குத்தூசியைச் செருகுவார். அதன் குழிவில் வந்து விழும் பத்துப் பன்னிரண்டு மணிகளில் ஒன்றை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். 'டக்'கென்று உடைந்தால் காய்ந்த சரக்கு, நசுங்கினால் ஈரம். முப்பத்தைந்து வருடம் இப்படிக் கடித்ததில் வலது கடைவாய்ப் பல் பாதி போய்விட்டது. மண்டியில் அவருக்கு 'அரைப்பல்' என்றே பெயர். மேயரான பிறகு அது 'மாண்புமிகு அரைப்பல்' ஆனது, அவ்வளவுதான்.

அவர் போய் ஆறு வாரம் ஆகிறது. மாநகராட்சியின் இரங்கல் தீர்மானத்தில் பிறந்த ஆண்டு, தொழில், பதவியில் இருந்த காலம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அவரை அறியாதவர்களுக்கு அது போதும். அவரோடு ஒரே வீட்டில் பதினெட்டு வருடம் இருந்தவளுக்குப் போதவில்லை.

அவர் பத்தொன்பது வயதில் ஒரு தானிய வியாபாரியின் கடையில் தொலைபேசி எடுக்கும் ஆளாக மண்டிக்கு வந்தவர். ஒரு மேசை, மூன்று தொலைபேசிகள். உள்ளூர் விலை ஒன்றில் வரும், வெளியூர் விலை இன்னொன்றில், மூன்றாவதில் முதலாளியின் மனைவி. மூன்றையும் ஒரே நேரத்தில் காதில் வைத்துச் சமாளித்தவனுக்கு உலகத்தில் முடியாத காரியம் எதுவும் இல்லை என்பார். பத்து வருடத்தில் சொந்தக் கடை போட்டார். தம்பியையும் சேர்த்துக்கொண்டார். மக்காச்சோளமும் பயறும்தான் பிரதானம். ஊரின் வடக்கே, மேட்டில், இரண்டு பேர் பெயரிலும் ஒரு கிடங்கு வாங்கினார்கள்.

அவர்கள் தொழிலில் பாதிக்கு மேல் நாளைய சரக்கை இன்றைக்கே பேசி முடிப்பதுதான். இத்தனை லோடு, இன்ன தேதி, இன்ன விலை என்று ஒருவர் சொல்வார். கேட்டுக்கொண்டிருப்பவர் சம்மதம் என்றால் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "ஆகட்டும்." காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. அந்த வார்த்தைக்குப் பிறகு வானமே இடிந்து விழுந்தாலும் சரக்கு அந்தத் தேதியில் போய்ச் சேர வேண்டும். ஒரு வருடம் காலம் தப்பிப் பெய்த மழையில் சோளம் முழுவதும் பூஞ்சை பிடித்து, விலை எங்கோ போய்விட்டது. ஏற்கெனவே பேசியிருந்த நாற்பது லோடையும் அவர் வெளியில் கிடைத்த விலைக்கு வாங்கி அனுப்பினார். அந்த வருடம் வீட்டில் யாரும் புதுத்துணி எடுக்கவில்லை என்று அத்தை இப்போதும் சொல்வதுண்டு. குறையாகச் சொல்கிறாரா பெருமையாகச் சொல்கிறாரா என்பது கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது.

மண்டிக்கு வெளியே அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். கூரை ஒழுகுகிறது என்று குடியிருப்பவர் போய் நிற்கும்போது வீட்டுக்காரர் சொல்வது ஆகட்டும். வேலை கேட்டு வந்தவனிடம் பெரிய மனிதர் சொல்வது ஆகட்டும். கேட்டவன் அத்தோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். 'இல்லை' என்று முகத்துக்கு நேராகச் சொல்லாமல் இருக்கத்தான் நாம் அந்தச் சொல்லையே வைத்திருக்கிறோம். விடிந்தால் மண்டி, இருட்டினால் வீடு என்று வாழ்ந்த மாமாவுக்கு மட்டும் இது தெரியாது. வீட்டில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அத்தை எதைக் கேட்டாலும் "ம்" என்பார். "ம்" யாரையும் கட்டாது.

அவர் அரசியலுக்கு வந்தது ஒரு சாக்கடையால். மண்டித் தெருவில் மழை பெய்தால் அடி வரிசை மூட்டைகள் நனைந்துவிடும். வியாபாரிகள் கூடிப் பேசி, எந்தக் கட்சியும் இல்லாத அவரை வார்டு உறுப்பினராக நிறுத்தினார்கள், ஜெயித்தார். மன்றத்தில் மொத்தம் முப்பத்தைந்து பேர். ஒரு பக்கம் பதினேழு, மறுபக்கம் பதினேழு, நடுவில் மாமா. பதினோரு நாள் மேயரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் இழுபறி. கடைசியில் எதிரி ஜெயிப்பதைவிட இந்தச் சோள வியாபாரி மேல் என்று இரண்டு பக்கமும் முடிவு செய்தன. ஆட்டி வைத்தால் ஆடுவார் என்று இரண்டு பேருமே நினைத்திருக்க வேண்டும்.

செய்தி வந்தபோது அத்தை நாற்காலி மேல் ஏறி நின்று சமையலறை விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வீட்டுல ஒரு டியூப்லைட் மாத்த மூணு மாசம். இவர் ஊருக்கு வெளிச்சம் குடுக்கப் போறாராம்," என்றார். மாமா "ம்" என்றார்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து அப்போது இரண்டு வருடம். பொருளாதாரம் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு எண்கள் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அரசாங்க வாக்கியம் நாலு வரி தாண்டினால் கண் சொக்கிவிடும். "இதுல வினைச்சொல் எங்கம்மா ஒளிஞ்சிட்டிருக்கு?" என்று கோப்பை என் பக்கம் தள்ளுவார். நான் தேடி எடுத்துக் கொடுப்பேன். அப்படியே சம்பளமில்லாத உதவியாளர் ஆனேன். யார், எப்போது, எவ்வளவு – இந்த மூன்றும் இல்லாத காகிதம் அவரைப் பொறுத்தவரை வெற்றுக் காகிதம்தான்.

மேயர் அறையில் கண்ணாடி பதித்த நீள மேசை, சாய்ந்தால் கிறீச்சிடும் ஒரு பெரிய நாற்காலி, சொட்டு சொட்டாக வாளியில் ஒழுகும் ஒரு குளிர்சாதனப் பெட்டி. மேசையில் ஒரு அழைப்பு மணி இருந்தது. அதை அவர் அழுத்திப் பார்த்ததே இல்லை. யாரைப் பார்க்க வேண்டுமோ அவர் மேசைக்கு எழுந்து போய்விடுவார். ஊழியர்களுக்கு அது பெரிய தொல்லையாக இருந்தது. தெருவைப் பார்க்கப் போனாலும் முதல் வீட்டைப் பார்க்க மாட்டார். கடைசி வீட்டுக்குப் போவார். மூட்டையின் வாயில் எல்லோரும் நல்ல சரக்கைத்தான் வைப்பார்கள், அடியில் குத்தினால்தான் உண்மை தெரியும் என்பது அவர் சித்தாந்தம்.

புதன்கிழமை தோறும் மக்கள் குறை கேட்கும் நாள். மூன்றாவது மாதத்தில் ஒரு புதன்கிழமை, மேட்டுத் தெருவிலிருந்து ஐந்தாறு பெண்கள் வந்தார்கள். முன்னால் நின்றவர் ஒரு தையல்காரம்மா. கழுத்தில் அளவு நாடா மாலை மாதிரி தொங்கியது. கழற்றி வைக்க மறந்து வந்திருந்தார். அவர்கள் தெருவுக்குக் குழாய் உண்டு, தண்ணீர் ஏறாது. நூற்றுப் பன்னிரண்டு படி இறங்கி, அடிவாரக் குழாயில் பிடித்து, நூற்றுப் பன்னிரண்டு படி ஏற வேண்டும். மேட்டில் ஒரு தொட்டி கட்டினால் தீர்ந்துவிடும். பத்து வருடமாகக் கேட்கிறார்கள்.

மாமா வரைபடத்தைக் கேட்டார். பார்த்தார். இரண்டு கேள்வி கேட்டார். பிறகு, "ஆகட்டும்மா," என்றார்.

தையல்காரம்மா திரும்பி மற்றவர்களிடம், "ஆகட்டுமாம். வாங்க, துணியெல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு," என்றார். போய்விட்டார்கள்.

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா இது? எந்தத் தேதின்னு கேக்காமலே போறாங்க?" என்றார் என்னிடம்.

எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. சொன்னேன். நீங்கள் மாட்டேன் என்று சொன்னதாக அவர்கள் நினைத்துக்கொண்டு போகிறார்கள் மாமா என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஏதோ கணக்குப் போடுபவர் மாதிரி விரல்களை மேசையில் தட்டிக்கொண்டிருந்தவர், சட்டென்று எழுந்து ஆணையரின் அறைக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

ஆணையர் நல்ல மனிதர், படித்தவர், மரியாதை தெரிந்தவர். பதவியேற்ற நாளிலிருந்து மேயர் "ஆகட்டும்" என்று சொன்ன கோப்புகள் எங்கே என்று மாமா கேட்டார். ஆணையர் தயங்கினார். பிறகு சுவரோரம் இருந்த இரும்பு அலமாரியின் கீழ்த் தட்டைக் காட்டினார். இருபத்தைந்து கோப்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக, நாடா கட்டி, நேர்த்தியாகக் கிடந்தன. மேயருக்கு இஷ்டமில்லை, மனம் நோகாமல் தள்ளிவைக்கச் சொல்கிறார் என்று அவர் புரிந்துகொண்டிருக்கிறார். பெரியவர் எவ்வளவு நாசூக்காக மறுக்கிறார் என்று வீட்டில் தன் மனைவியிடம்கூடப் பாராட்டியிருக்கிறாராம்.

மூன்று மாதமாகச் சரக்கு ஏன் வரவில்லை என்று மாமா தன் அறையில் காத்திருந்திருக்கிறார். மூன்று மாதமாக மேயர் ஏன் எல்லாவற்றையும் மறுக்கிறார் என்று ஆணையர் தன் அறையில் வருத்தப்பட்டிருக்கிறார். நடுவில் ஒரு வராண்டா.

அன்று சாயந்திரம் அந்த இருபத்தைந்தையும், கடைசியில் மேட்டுத் தெருத் தொட்டியையும் நான் ஒரு தாளில் எழுதினேன். பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு, பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குக் கதவு, முடிதிருத்துபவர் கடை முன்னால் பாதியில் நின்ற நடைபாதை, இப்படி. இனி அந்த வார்த்தையை விட்டுவிட்டு வேறு ஏதாவது சொல்லுங்களேன் என்றேன். "சொன்னத முதல்ல அனுப்புவோம். அப்புறம் வார்த்தைய மாத்திக்கலாம்," என்றார். ஒரு வருடத்துக்குள் இருபத்தைந்து போய்ச் சேர்ந்தன. பட்டியலின் கடைசி வரி மட்டும் அடிக்கப்படாமல் நின்றது.

அந்த முதல் வாரத்திலேயே அவர் மேட்டுத் தெருவுக்குப் படியேறிப் போனார், தேதி கேட்க. தையல்காரம்மா தரையில் துணியை விரித்து, வாயில் நாலு குண்டூசியைக் கவ்வியபடி வெட்டிக்கொண்டிருந்தார். மேயர் வாசலில் நின்று எந்தத் தேதிக்குத் தொட்டி வேண்டும் என்று கேட்டதும் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"தையல்காரிகிட்ட வந்து தேதி கேக்கறீங்களே. நாங்க நாளைக்குன்னு சொன்னா அடுத்த வாரம்னு ஊருக்கே தெரியும்."

"அது உங்க தொழில். எங்க தொழில்ல வாங்கறவங்கதாம்மா தேதி சொல்லணும்."

அவர் யோசித்தார். மகள் அடுத்த வருடம் பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறாள். காலையில் நாலு குடம் தூக்கிவிட்டுப் போவதால் தினமும் முதல் வகுப்பு போய்விடுகிறது. பரீட்சைக்கு முன்னால் வந்தால் போதும் என்றார். சுவரில் தொங்கிய நாட்காட்டியின் ஓரத்தில், தைத்துக் கொடுக்க வேண்டிய ரவிக்கைகளுக்கும் பாவாடைகளுக்கும் நடுவே, 'பரீட்சை மாதம் பத்தாம் தேதி, தொட்டி' என்று எழுதிக்கொண்டார். நம்பி எழுதவில்லை என்று பின்னால் என்னிடம் சொன்னார். வந்தவர் முகம் வாடிவிடக் கூடாதே என்று எழுதினாராம்.

பொறியாளர்கள் இடம் பார்த்தார்கள். தொட்டிக்குத் தேவையான உயரத்தில், லாரி போகும் பாதையோடு இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். மாமாவும் தம்பியும் வாங்கிய கிடங்கு.

மாமா தன் பங்கை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். மறு பங்குக்குத் தம்பியின், அதாவது சின்ன மாமாவின், கையெழுத்து வேண்டும். சின்ன மாமா கெட்டவர் இல்லை. அண்ணன் அரசியலுக்குப் போன பிறகு கடையைத் தனியாளாகச் சுமந்தவர். மண்டித் தெரு வெள்ளத்தில் மிதந்தபோதெல்லாம் எங்கள் சரக்கு மட்டும் நனையாமல் இருந்ததென்றால், அது அந்த மேட்டுக் கிடங்கினால்தான். அதைக் கொடுத்துவிட்டு நாளைக்கு நனைந்த சோளம் விற்கச் சொல்கிறீர்களா என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. மாமாவும் இல்லை என்று சொல்லவில்லை.

பிறகு சின்ன மாமா சாப்பாட்டு மேசையில் கையைக் கழுவாமல் உட்கார்ந்தபடியே சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அண்ணே, ஆகட்டும்னு நீங்க சொன்னத அந்தம்மா வாக்குன்னே எடுத்துக்கல. ஊர்ல எல்லாரும் சொல்றதுதானேன்னு அப்பவே மறந்துட்டாங்க. வாங்கினவங்களே மறந்துபோன வியாபாரத்துக்கு நீங்க ஏன் லோடு ஏத்தறீங்க?"

"அவங்க மறந்தாங்க. நான் சொன்னேன்ல," என்றார் மாமா.

அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே கட்டடம்; மாடியில் அவர்கள், கீழே நாங்கள். சேதிகள் அத்தை வழியாகவும் சின்ன அத்தை வழியாகவும் படிக்கட்டில் ஏறி இறங்கின. இரண்டு பெண்களும் கணவர்கள் சொன்னதில் பாதியைத்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். குடும்பம் உடையாமல் இருந்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆணையர் ஒரு வழி சொன்னார். பொதுக் காரியத்துக்காகச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து இடத்தை எடுத்துக்கொள்ளலாம், கையெழுத்தே தேவையில்லை. மாமா கோப்பை மூடினார். மேயராக இருந்து தம்பியிடம் பிடுங்கிவிட்டு, அண்ணனாக எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்று கேட்டார். விற்பவன் வாயிலிருந்து வார்த்தை வராமல் வாங்கிய சரக்கு நமக்கு வேண்டாம் என்றார்.

மாதங்கள் போயின. பரீட்சை மாதத்து ஒன்பதாம் தேதி வந்தது.

சொன்ன நாளில் சரக்கு கொடுக்க முடியாவிட்டால், முதல் நாளே நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்பது மண்டி வழக்கம். தொலைபேசியில் சொல்லக் கூடாது, ஆள் அனுப்பக் கூடாது. வாங்குபவர் சொல்லும் அபராதத்தைப் பேரம் பேசாமல் ஏற்க வேண்டும். மாமா மேட்டுத் தெருவுக்குப் போனார். நானும் போனேன், படியில் அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்தால் கவலையாக இருந்ததால்.

"சரக்கு வரலைம்மா. என்ன பெனால்டின்னு சொல்லுங்க."

தையல்காரம்மா சிரித்தார். அவர் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்துத் தானும் நிறுத்திக்கொண்டார். தையல் இயந்திரத்துக்குப் பின்னால் மகள் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, "இவ பரிட்சை முடியற வரைக்கும் இவ தூக்கற நாலு குடத்த நீங்க தூக்குங்க," என்றார். விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "ஆகட்டும்," என்றார் மாமா. இருபத்து மூன்று நாள்.

அவருக்கு அப்போது அறுபத்தொரு வயது. மறுநாள் விடிந்ததும் அடிவாரக் குழாயில் வரிசையில் நின்றார். துணைக்கு நானும் தினமும் போனேன். யாரோ இடம் விட்டார்கள். வேண்டாம் என்று பின்னால் போய் நின்றார். ஒரு தடவைக்கு ஒரு குடம், நாலு தடவை. தோளில் வைத்து, நாற்பதாவது படியில் ஒரு முறையும் எண்பதாவது படியில் ஒரு முறையும் நின்று நின்று ஏறினார். அத்தை வீட்டு வாசலில் நின்று, "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கு ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுத்ததில்ல இந்த மனுஷன்," என்று தெருவுக்கே சொன்னார். சாயந்திரம் அவர்தான் அந்த முழங்கால்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார்.

அடுத்த தேர்தலுக்கு நாடகம் என்று மன்றத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்து சொன்னார்கள். அவர்கள் எதிலாவது ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. படம் எடுக்க ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். சும்மா நிற்பதற்கு இதைப் பிடியுங்கள் என்று மாமா குடத்தை அவர் கையில் கொடுத்துவிட்டார். ஐம்பதாவது படியில் பத்திரிகைக்காரர் உட்கார்ந்துவிட்டார். படம் வரவில்லை.

ஒன்பதாம் நாள் சின்ன மாமா வந்தார். படிக்கட்டின் அடியில் ஸ்கூட்டரை நிறுத்தி, சாவியை விரலில் சுற்றியபடி நின்றார். மூன்றாவது குடத்தோடு அண்ணன் வந்ததும் வழியை மறித்தார். ஓராண்டுக்குப் பிறகு அன்றுதான் பேசினார்.

"இறக்கி வைங்கண்ணே. மண்டியில தலை காட்ட முடியல."

"பெனால்டி ஓடுதுப்பா. நடுவுல நிறுத்தக் கூடாது."

சின்ன மாமா நகர்ந்துகொண்டார். அவரும் அதே மண்டியில் முடி நரைத்தவர். வெறுங்கையோடு அண்ணன் பின்னாலேயே நூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறினார். உயரத்தில் கிடங்கு வைத்திருந்தவர், ஆனால் லாரிப் பாதையில் போய் வருபவர். அந்தப் படிகளில் அதுவரை கால் வைத்ததில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் பேச மூச்சில்லாமல் தையல்காரம்மா வீட்டு வாசலில் கையை ஊன்றி நின்றார். தையல்காரம்மா ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார்.

இன்னும் எத்தனை நாள் என்று சின்ன மாமா கேட்டார். பதினாலு நாள் என்றார் அவர்.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன, எப்பவும்போல எம் பொண்ணு தூக்குவா."

சின்ன மாமா தன் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு என்னிடம், தொட்டிக்கு எவ்வளவு இடம் என்று கேட்டார். கோப்பில் இருந்ததைச் சொன்னேன்: முழுக் கிடங்கும். பம்பு அறை, காவலர் அறை, லாரி திரும்பும் இடம் எல்லாம் சேர்த்து.

"முழுசா எதுக்கு?" என்றார் தையல்காரம்மா. "ஒண்ணரை மீட்டர் கேக்கற சட்டைய ஒரு மீட்டர்ல வெட்டறவ நான். எங்க, எப்படி இருக்கும்னு சொல்லுங்க பார்ப்போம்."

துணி வெட்டும் சுண்ணக்கட்டியை எடுத்தார். சின்ன மாமா நீள அகலம் சொல்லச் சொல்ல, சிமென்டுத் தரையில் கிடங்கு நீலக் கோடுகளாக விழுந்தது. நான் தொட்டியின் அளவைச் சொன்னேன். சட்டைக்குக் கைப்பகுதியை ஓரத்தில் ஒட்டிப் போடுவது மாதிரி, நாலு தூண்களைப் பின்மூலைக்குத் தள்ளினார். பம்பு அறையைத் தொட்டிக்கு அடியிலேயே செருகினார். காவலர் எதற்கு, நான் ராத்திரியெல்லாம் தைத்துக்கொண்டு விழித்துத்தானே இருக்கிறேன் என்று அந்த அறையை அழித்தார்.

பிறகு இருவரும் பேரம் பேசினார்கள். சாக்கு அடுக்கும் பின்பக்கம் மட்டும் என்றார் சின்ன மாமா. அது போதாது, இன்னும் ஆறடி என்றார் இவர். மூன்றடி. ஐந்தடி. லாரி எங்கே திரும்பும் என்று இவர் மடக்கினார். என் முற்றத்தில் திரும்பிக்கொள்ளட்டும், ஆனால் சோளம் காயப்போடும் நாளில் வரக் கூடாது என்றார் அவர். மாமா ஒரு ஓரமாகக் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேர் விலை பேசும்போது மூன்றாவது ஆள் வாயைத் திறக்கக் கூடாது. அவர் இருமக்கூட இல்லை.

பாதிக் கிடங்கில் வந்து நின்றது. சின்ன மாமா தரையில் இருந்த கோடுகளை ஒருமுறை சுற்றி நடந்து பார்த்தார். அண்ணன் பக்கம் திரும்பவில்லை. தையல்காரம்மாவிடம், "ஆகட்டும்," என்றார்.

இந்தத் தடவை அவர் கேட்டார்: "எந்தத் தேதி?"

கீழே இறங்கும்போது சின்ன மாமா ஸ்கூட்டரில் அண்ணனை ஏற்றிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். "இன்னொரு குடம் பாக்கி இருக்குல்ல, முடிச்சிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். மாமா அந்தக் குடத்தையும், பிறகு பதினாலு நாள் குடங்களையும் தூக்கி முடித்தார்.

பொறியாளர்கள் நாடா பிடித்து அளந்தார்கள். இரண்டாம் முறையும் அளந்தார்கள். தூண்கள் உட்கார்ந்து ஒன்பது அங்குலம் மிச்சம் இருந்தது. ஏழு மாதத்தில் தொட்டி எழும்பியது. திறப்பு விழா மேடை அடிவாரத்தில் போட்டிருந்தார்கள். மேயரைக் காணோம் என்று தேடினார்கள். அவர் தெருவின் கடைசி வீட்டில் குழாய் முன்னால் உட்கார்ந்திருந்தார். முதலில் வெறும் காற்று வந்தது, பிறகு துருவாக, பிறகு தெளிவாக. குடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கையைக் கழுவிவிட்டு இறங்கினார்.

அடுத்த தேர்தலில் தோற்றார். கீழ்த் தெருக்களில் தண்ணீர் வேகம் குறைந்துவிட்டது என்று அங்கே கோபம். மேட்டுத் தெருவில்கூடப் பாதிப் பேர்தான் அவருக்குப் போட்டார்கள். "பாதிக் கிடங்குக்குப் பாதி ஓட்டு. சரியாப் போச்சு," என்றார் சின்ன மாமா. வீட்டில் எல்லோரும் சிரித்தோம், மாமாதான் அதிகம் சிரித்தார்.

மறு வாரமே மண்டிக்குத் திரும்பிவிட்டார். பாதிக் கிடங்கில் இரண்டு பேர் சரக்கை அடுக்குவது எளிதாக இல்லை. யார் மூட்டை யார் வழியில் நிற்கிறது என்று தினமும் சண்டை. அந்தச் சண்டைக்காகவே இரண்டு பேரும் காலையில் சீக்கிரம் கிளம்பினார்கள். பதினோரு வருடம் அப்படிப் போயிற்று. ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சட்டையை மாட்டிக்கொண்டு செருப்புக்குக் குனிந்தவர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். சின்ன மாமா வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு வாரம் கழித்து இப்போதைய மேயர் வீட்டுக்கு வந்தார். தொட்டிக்கு மாமாவின் பெயரை வைக்க மன்றம் விரும்புகிறது என்றார். அத்தை சின்ன மாமாவைப் பார்த்தார்.

"பேரு வச்சா தண்ணி கூடுதலா வருமா?" என்றார் சின்ன மாமா. வந்தவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு சின்ன மாமாவே தணிந்த குரலில், பெயர் எழுத நினைத்த இடத்தில் தொட்டியை எப்போது கழுவினீர்கள், அடுத்து எப்போது கழுவுவீர்கள் என்று எழுதுங்கள், குடிப்பவர்களுக்கு அதுதான் வேண்டும் என்றார்.

எழுதிவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஆள் உயர எழுத்துகளில் இரண்டு தேதிகள். இரண்டாவது தேதி கடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வந்து சின்ன மாமாவிடம் சொன்னேன். திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் மாநகராட்சிக்குத் தொலைபேசியில் பேசினார். மறுமுனையில் பார்க்கலாம் சார் என்றிருக்கிறார்கள் போலிருக்கிறது. அதெல்லாம் வேண்டாம், நாளைச் சொல்லுங்கள் என்று அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார்.

வியாழக்கிழமை என்றார்கள். வியாழக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் போய்ப் பார்க்கப் போகிறோம்.